கருப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் எம்எம்ஆர் வரிகளைப் படிப்பது எப்படி?

கருப்பை உட்சுவரில் புற்றுநோய் என்று பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் எல்லோர் கண்ணும் முதலில் கிரேடுக்குத்தான் போகும். சரி, அதைப் பார்த்தாச்சா? இப்போது அதே தாளில் எம்எல்ஹெச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6 என்ற நாலு பெயர்களைத் தேடுங்கள். இல்லையென்றால், அந்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று டாக்டரிடம் கேளுங்கள், கூச்சப்படவே வேண்டாம்.

டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் இவை, அந்தத் திருத்த வேலைக்குத்தான் எம்எம்ஆர் (மிஸ்மேட்ச் ரிப்பேர்) என்று பெயர். பெயருக்கு எதிரே 'இன்டாக்ட்' அல்லது 'ரீடெயின்ட்' என்றால் புரதம் இருக்கிறது, 'லாஸ்' என்றால் இல்லை. சாயம் ஏற்றிய திசு ஸ்லைடில் இதை நேராகவே பார்க்கலாம்: புரதம் உள்ள செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், இல்லாதது நீலமாகவே நிற்கும். நீலமான புற்றுசெல்களுக்கு நடுவே புகுந்திருக்கும் நோய் எதிர்ப்பு செல்கள் மட்டும் பழுப்பாக இருக்கும். சாயம் ஒழுங்காகப் பிடித்திருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

'லாஸ்' என்றதும் பதற வேண்டாம். திருத்த ஆள் இல்லாததால் பிழைகள் குவிந்து, புற்றுசெல் விசித்திரமான புரதத் துண்டுகளை வெளியே காட்டும், அதை அந்நியம் என்று கண்டுகொண்டு டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் கூட்டமாக வந்து சூழும். ஆனால் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டிப் புற்றுசெல் அவற்றுக்கு பிரேக் போட்டுவிடும். போதாக்குறைக்கு, விழுங்கித் தீர்க்க வேண்டிய மேக்ரோஃபேஜ் செல்களில் ஒரு பகுதி கட்சி மாறி, கட்டிக்குப் புது ரத்தக்குழாய் வளரவும், திசு கரைந்து புற்று பரவவும் உதவுகின்றன. எனக்கு இதில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான், காவலுக்கு வைத்தவர்களே வழி திறந்து விடுவது.

டோஸ்டார்லிமாப், பெம்ப்ரோலிசுமாப் மருந்துகள் அந்த பிரேக்கை எடுத்துவிடுகின்றன. நோய் முற்றியோ திரும்பியோ வந்தவர்களுக்கு, கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் கட்டுக்குள் இருந்த காலம் நீண்டது என்று 2023இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின, 'லாஸ்' உள்ளவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். நாலும் 'இன்டாக்ட்' என்றாலும் கதவு மூடவில்லை, பெம்ப்ரோலிசுமாபுடன் லென்வாட்டினிப் சேர்த்துக் கொடுக்கும் வழி உண்டு.

எம்எல்ஹெச்1 'லாஸ்' என்றால் மெத்திலேஷன் பரிசோதனை கேளுங்கள், அந்த மரபணு பரம்பரைக் கோளாறால் இல்லாமல் கட்டிக்குள் மட்டும் அணைந்துபோனதா என்று பார்ப்பது அது. அது நெகட்டிவ் என்றாலோ, எம்எல்ஹெச்1 'இன்டாக்ட்' ஆக இருந்து மற்ற மூன்றில் ஏதாவது 'லாஸ்' என்றாலோ, லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறுக்கான மரபணுப் பரிசோதனை தேவை, ஏனென்றால் அக்கா, தங்கை, பிள்ளைகளுக்கும் அது இருக்கலாம், அவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயமும் கூடும்.

அப்புறம், இந்த மருந்து ஏறிய பிறகு விடாத வயிற்றுப்போக்கோ, புது இருமலோ, மூச்சுத்திணறலோ வந்தால் கைமருந்து பார்க்காதீர்கள், பிரேக் இல்லாத டி செல்கள் குடலையும் நுரையீரலையும் தாக்கக்கூடும். அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.