கடல் சார்ட்டைப் படிக்கத் தொடங்குவோருக்கு: எண்களுக்கு முன் பார்க்க வேண்டியவை

நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை நீளும் குமரி மாவட்டக் கடற்கரையில், ஆழ்கடல் போகும் விசைப்படகுகளில் இடம் காட்டும் ஜிபிஎஸ், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் ஆகிய கருவிகள் பழகிப்போய்விட்டன. ஆனால் அந்தக் கருவிகளின் திரையில் தெரியும் படத்துக்கு அடிப்படையான கடல் வரைபடத்தை, அதாவது நாட்டிகல் சார்ட்டை, விரித்து வைத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அதைப் படிக்கத் தொடங்கும் மாணவர்களுக்காகவும், படகில் வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சார்ட்டில் நிறைந்திருக்கும் எண்களைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்பதே என் முறை; அந்த எண்கள் எதிலிருந்து, எந்த அலகில், எப்போது அளக்கப்பட்டவை என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: தலைப்புப் பகுதி

இந்தியக் கடல்களுக்கான அதிகாரபூர்வ சார்ட்டுகளை, கடற்படையின் கீழ் டேராடூனில் இயங்கும் நீரளவை அலுவலகம் வெளியிடுகிறது. எந்தச் சார்ட்டை எடுத்தாலும் அதன் தலைப்பை ஒட்டி அச்சிடப்பட்டிருக்கும் வரிகளைப் பொறுமையாகப் படியுங்கள். அளவை விகிதம் 1:50,000 என்றிருந்தால் தாளில் ஒரு சென்டிமீட்டர் கடலில் 500 மீட்டர். 1:15,00,000 என்றிருந்தால் அதே ஒரு சென்டிமீட்டர் 15 கிலோமீட்டர். இரண்டாவது வகைத் தாளில் குளச்சல் ஒரு புள்ளிதான். அதை வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குள் நுழைய முடியாது.

அடுத்து ஆழத்தின் அலகு. தாளில் 7 என்ற எண்ணும் அதன் வலப்பக்கத்தில் சற்றுக் கீழிறங்கிச் சிறிதாக 4 என்ற எண்ணும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மீட்டர் சார்ட்டில் அது 7.4 மீட்டர். பழைய ஃபேதம் சார்ட்டிலோ அது 7 ஃபேதமும் 4 அடியும், அதாவது 46 அடி, ஏறக்குறைய 14 மீட்டர். ஒரு ஃபேதம் என்பது 6 அடி. நம் கரையில் கயிற்றைக் கை விரித்து அளக்கும் பாகத்துக்கு நெருங்கிய அளவு. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பவருக்கு ஆழம் ஏறக்குறைய இருமடங்காகவோ பாதியாகவோ மாறிவிடும்.

இரண்டாம் படி: சார்ட் டேட்டம்

தொடக்கநிலையில் அதிகக் குழப்பம் தருவது இதுதான். ஓதத்தால் கடல் மட்டம் அன்றாடம் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், ஆழத்தை அளக்க ஒரு நிலையான தொடக்க மட்டம் வேண்டும். நீர் வற்றி இறங்கும் மிகத் தாழ்ந்த மட்டத்தை ஒட்டி அதை வைத்திருக்கிறார்கள்; அதன் பெயர் சார்ட் டேட்டம். ஆகவே சார்ட்டில் காணும் ஆழம், பெரும்பாலான நேரங்களில் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். சார்ட்டில் 3.2 மீட்டர், ஓத அட்டவணைப்படி அந்த நேரத்தில் ஓதத்தின் உயரம் 0.6 மீட்டர் என்றால், நீரின் ஆழம் 3.8 மீட்டர்.

எண்ணுக்கு அடியில் கோடு போட்டிருந்தால் பொருள் தலைகீழாகிவிடும். கோடிட்ட 0.4 என்பது, டேட்டத்துக்கு மேலே 0.4 மீட்டர் எழுந்து, வற்றும்போது வெளியே தெரியும் பாறை அல்லது மணல்திட்டு. அதே 0.6 மீட்டர் ஓதத்தில் அதன் மேல் நிற்கும் நீர் 0.2 மீட்டர் மட்டுமே.

குமரிக் கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், இந்தக் கணக்கு நமக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்பதில்லை. தென்மேற்குப் பருவகாலத்தில் இரண்டு மீட்டர் உயர அலை வரும்போது, அதன் பள்ளத்தில் நீர்மட்டம் ஒரு மீட்டர் அளவுக்குத் தாழும்; அந்தத் தாழ்வு எந்த ஓத அட்டவணையிலும் இருக்காது. அதற்காகவே ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும், கள்ளக்கடல் (தொலைவில் எழுந்து திடீரெனக் கரையைத் தாக்கும் பேரலை) எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: குறிகளும் கடலடியும்

கூட்டல் குறி, எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும் ஆபத்தான பாறையைக் குறிக்கும். அந்தக் குறியின் நான்கு மூலைகளிலும் புள்ளி இருந்தால், டேட்டம் மட்டத்தில் நீர் தழுவி நிற்கும் பாறை. நட்சத்திரக் குறி, மூழ்கியும் வெளிப்பட்டும் இருக்கும் பாறை. இவற்றைச் சுற்றிப் புள்ளிக்கோட்டு வளையம் இருந்தால், விலகிப் போ என்று பொருள். ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் சம ஆழக் கோடுகள்; அவை நெருங்கியிருந்தால் கடலடி செங்குத்தாகச் சரிகிறது, விலகியிருந்தால் மெல்லச் சரிகிறது. குமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் கரை என்ற கடலடி மேட்டைச் சார்ட்டில் தேடிப் பார்த்தால், இந்தக் கோடுகள் எவ்வாறு விலகிப் பரவுகின்றன என்பது எளிதில் புரியும்.

ஆங்கில எழுத்துகள் கடலடியின் தன்மையைச் சொல்கின்றன: எஸ் மணல், எம் சேறு, ஆர் பாறை. வலை கிழிபடும் பாறைப் பாரையும் நங்கூரம் பிடிக்கும் தரையையும் பிரித்தறிய இவை உதவும்.

நான்காம் படி: இடமும் தொலைவும்

தொலைவை எப்போதும் தாளின் இடப்பக்க, வலப்பக்க ஓரங்களில் உள்ள அட்சரேகை அளவிலேயே கவராயத்தால் அளக்க வேண்டும். மேல், கீழ் ஓரங்களில் உள்ள தீர்க்கரேகை அளவில் அளக்கக் கூடாது. அட்சரேகையின் ஒரு மினிட் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர்.

ஜிபிஎஸ் கருவியிலிருந்து இடத்தைச் சார்ட்டுக்கு மாற்றும்போது எழுதும் முறையைக் கவனியுங்கள். 8 டிகிரி 4.50 மினிட்டும், 8 டிகிரி 4 மினிட் 50 செகண்டும் ஒன்றல்ல. முன்னதில் இருப்பது அரை மினிட், அதாவது 30 செகண்ட்; இரண்டுக்கும் இடையே 20 செகண்ட், கடலில் 600 மீட்டருக்கு மேல். கருவியும் சார்ட்டும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற ஒரே புவி அடிப்படையில் உள்ளனவா என்பதையும் சரிபார்க்க வேண்டும். திசைகாட்டி வட்டத்தில் எழுதியிருக்கும் காந்த விலக்கம், அதாவது உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் இடையே உள்ள கோணம், நம் பகுதியில் ஓரிரு டிகிரிக்குள் அடங்கும் என்றாலும், கணக்கில் சேர்க்கும் பழக்கத்தை விட வேண்டாம்.

ஐந்தாம் படி: அளந்தது யார், எப்போது

முற்காலத்தில் ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்கள். குண்டு விழுந்த இடம் தெரியும், இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் பாறை தெரியாது. எக்கோ சவுண்டர் ஒலியை அனுப்பி, அது திரும்பும் நேரத்தின் பாதியை ஒலியின் வேகத்தால் பெருக்குகிறது. மல்டிபீம் கருவியோ கப்பலின் இருபுறமும் அகன்ற பட்டையாகக் கடலடி முழுவதையும் அளக்கிறது. ஒலியின் வேகம் நீரின் வெப்பத்தாலும் உப்பாலும் மாறும். வேகம் நொடிக்கு 1,540 மீட்டராக இருக்கும்போது கருவி 1,500 என்று வைத்துக் கணக்கிட்டால், 60 மீட்டர் ஆழத்தை 58.4 என்று காட்டும்.

எனவே சார்ட்டின் மூல விளக்கப்படத்தில், எந்தப் பகுதி எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்பதைப் பாருங்கள். மின்னணுச் சார்ட்டில் இதையே ஏ1, ஏ2, பி, சி, டி என்று தரம் பிரித்திருப்பார்கள். ஏ1 பகுதியில் இடப்பிழை 5 மீட்டருக்குள். சி பகுதியில் அது 500 மீட்டர் வரை போகலாம். கைப்பேசித் திரையில் விரலால் பெரிதாக்குவதால் புதிய அளவு எதுவும் சேர்வதில்லை. குழித்துறை ஆறு கலக்கும் இடத்தை ஒட்டிய தேங்காய்ப்பட்டினம் துறைமுகத்தின் வாய் போல, மணல் சேர்ந்து ஆழம் மாறும் இடங்களில், அச்சிட்ட எண்ணைவிட அன்றாடம் அங்கே படகு ஓட்டுவோரின் சொல்லுக்கே நான் முதலிடம் தருவேன்.

கடைசியாக, சார்ட்டின் திருத்தங்கள். மாலுமிகளுக்கான அறிவிப்புகள் வெளிவரும்போது, நிலையான மாற்றங்களை ஊதா மையிலும் தற்காலிக மாற்றங்களைப் பென்சிலிலும் குறித்து, அறிவிப்பின் எண்ணையும் ஆண்டையும் தாளின் இடது கீழ் மூலையில் எழுதி வைக்க வேண்டும். சார்ட்டை இரவல் வாங்கினால் முதலில் அந்த மூலையைப் பாருங்கள். கடைசியாக எழுதிய ஆண்டு பழையதாக இருந்தால், விடுபட்ட அறிவிப்புகள் அனைத்தையும் சேர்த்த பிறகே அதில் வழித்தடத்தை வரையலாம்.