மூலிகைத் தலையணை செய்து விற்பது: முதலில் தராசு, அப்புறம்தான் ஊசி

நான் முதன்முதலில் விற்ற 20 மூலிகைத் தலையணைகளில் 7 திரும்பி வந்தன. தையல் எங்கும் பிரியவில்லை, அளவும் சரி. நான்கில், பல நாள் மூடிக்கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. மூன்றில் துணி மீது குண்டூசியால் குத்தியது மாதிரி வட்ட வட்டமாக ஓட்டைகள். ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். லாவெண்டர் மொட்டுகளுக்கு நடுவே எள்ளளவில் பழுப்பு வண்டு ஒன்று, கால்களை மடக்கிக்கொண்டு செத்தது போல் நடித்துக்கொண்டிருந்தது.

தைக்கத் தெரியும், அது போதும் என்று இறங்கியதன் பலன். இப்போது பதம் பிடிபட்டுவிட்டது. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நேர்த்தையல் போடவும் ஓரம் மடிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன், அதற்குள் போகவில்லை.

படி 1: ஒரே ஒரு பொருள்

கண் மீது வைப்பது, கழுத்துக்கு வைப்பது, அலமாரியில் தொங்கவிடுவது என்று ஆறேழு வகை செய்யத் தோன்றும். வேண்டாம். வழக்கமான தலையணை உறைக்குள் செருகி வைக்கிற, 15 × 20 செ.மீ. தட்டைத் தலையணையில் ஆரம்பியுங்கள். 40 முதல் 50 கிராம் மூலிகை போதும், எடை குறைவு, அனுப்புவதும் சுலபம். கண் தலையணைக்கு ஆளி விதை நிரப்ப வேண்டும். அதில் எண்ணெய் இருப்பதால் நாளடைவில் சிக்கு வாடை வரும். அது இரண்டாவது வருடத்துக்கான தலைவலி.

செய்த முதல் தலையணையில் நீங்களே இரண்டு வாரம் படுத்துப் பாருங்கள். நான் அப்படிப் படுத்தபோதுதான் தெரிந்தது: தலையைத் திருப்பும்போதெல்லாம் சரசரவென்று சத்தம். மூலிகையைச் சுற்றி மெல்லிய பஞ்சுத் தகடு ஒரு சுற்று வைத்ததும் அடங்கியது.

படி 2: எதை நிரப்புவது

கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் லாவெண்டரில் இரண்டு சாதி உண்டு. லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்பது மென்மையான வாசனை. லாவண்டின் என்பது கலப்பினம். கற்பூர நெடி கூடுதல், விலை பெரும்பாலும் குறைவு. அலமாரிப் பைக்கு லாவண்டின் போதும். தலைமாட்டுக்கு முதல் வகைதான். வாங்கும்போது தாவரப் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தயங்குகிற வியாபாரியிடம் நான் வாங்குவதில்லை.

சீமைச்சாமந்தி (கெமோமில்) நல்ல வாசனை, ஆனால் நாளாக ஆகப் பொடிந்து துணி வழியே மஞ்சள் தூளாக வரும். வெட்டிவேர் பொடியாது, மணமும் நெடுநாள் நிற்கும். ஆனால் வேர் முனை துணியைக் குத்தும் என்பதால் சிறு சுருளாகச் சுற்றி நடுவில் வையுங்கள். ரோஜா இதழ் படத்துக்கு மட்டும்தான் அழகு, காய்ந்தபின் வாசனை ரொம்பச் சுமார். பீருக்குக் கசப்பு சேர்க்கும் ஹாப்ஸ் பூவைத் தூக்கத் தலையணைக்குப் பலர் சொல்வார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. பழசாகும்போது அதில் ஐசோவேலரிக் அமிலம் உண்டாகிறது. விஷயம் தெரியாதவர்கள் துவைக்காத சாக்ஸ் என்றுதான் நினைப்பார்கள்.

புதினாவை வேறு எதன் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஒரே பெட்டியில் ஒரு வாரம் வைத்திருந்தேன். லாவெண்டர் தலையணை எல்லாம் பற்பசை வாசனை அடித்தது.

படி 3: உலர்த்துதல்

நான் விழுந்த குழி இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

புதினா போன்ற இலைகளில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். இரண்டு நாள் நிழலில் போட்டால் இலை மொறுமொறுவென்று ஆகிவிடும். கையில் எடுத்தால் கலகலவென்று சத்தம் வரும். காய்ந்துவிட்டது என்று நினைத்து நானும் நிரப்பினேன். ஆனால் இலை காய்கிற வேகத்தில் காம்பு காய்வதில்லை. மூடிக் கட்டியதும் காம்புக்குள் இருக்கும் ஈரம் மெதுவாக இலைக்குப் பரவும். முதலில் நமுத்துப் போகும், அப்புறம் பூசணம். திரும்பி வந்த நான்கு தலையணைகளின் கதை இவ்வளவுதான்.

வெயிலில் போடாதீர்கள். வாசனை என்பதே ஆவியாகும் எண்ணெய். வெயிலில் அது போய்விட்டால் மிச்சம் வெறும் சருகு. நிழலில், காற்றோட்டமாக, ஒரே அடுக்காகப் பரப்புங்கள். உலர்த்தும் கருவி இருந்தால் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும், அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

காய்ந்ததா என்பதற்கு நான் இப்போது மூன்று சோதனை செய்கிறேன். தடித்த காம்பு ஒன்றை எடுத்து வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். நார் போல வளைந்தால் காயவில்லை. இரண்டாவது, தராசு. தட்டோடு எடை போட்டு எழுதி வையுங்கள், மறுநாள் அதே நேரத்தில் மறுபடி போடுங்கள். 412 கிராம், 371, 358, 355, 355 என்று வந்து இரண்டு நாள் அதே எண்ணில் நின்றால்தான் அடுத்த வேலை.

மூன்றாவதுதான் கண்ணைத் திறந்த சோதனை. ஒரு கைப்பிடியைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஐந்து நாள் விடுங்கள். உள்பக்கம் பனி படிந்தாலோ, பாட்டிலைக் கவிழ்த்தால் இலைகள் பொலபொலவென்று விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றாலோ, எல்லாவற்றையும் மறுபடி பரப்ப வேண்டியதுதான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாட்களில் நான் நிரப்பும் வேலையே வைத்துக்கொள்வதில்லை. காய்ந்த இலை காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். தையல் மிஷினுக்கு அடுத்து நான் செய்த உருப்படியான செலவு அதுதான்.

காய்ந்ததை வாங்கினாலும் இந்தச் சோதனைகளைத் தவிர்க்காதீர்கள். என் வண்டுகள் வாங்கிய சரக்கில்தான் வந்தன. சிகரெட் வண்டு என்பார்கள், 2 முதல் 3 மி.மீ. நீளம். புகையிலையில் தொடங்கி மிளகாய்த் தூள் வரை தின்னும், லாவெண்டர் அதற்கு எம்மாத்திரம்! முட்டை கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாங்கியதும் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம். வெளியே ஒரு நாள். மறுபடி ஒரு வாரம். வெளியே எடுத்த பையை உடனே பிரித்துவிடாதீர்கள். குளிர்ந்த இலை மீது அறைக் காற்றின் ஈரம் வியர்வையாகப் படியும், இத்தனை நாள் காயவைத்ததும் வீண். பை முழுதாக அறை வெப்பத்துக்கு வரட்டும், அப்புறம் திறக்கலாம்.

படி 4: துணியும் தையலும்

இரண்டு உறை: மூலிகை இருக்கும் உள்ளுறை, கழற்றித் துவைக்கும் மேலுறை. உள்ளுறைக்கு நெருக்கமாக நெய்த பருத்தி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் புள்ளி புள்ளியாக ஒளி தெரிகிற மல் துணி வேண்டாம். தூள் முழுக்க வெளியே வரும். மேலுறைத் துணியை வெட்டும் முன் துவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும், அது வாங்கியவர் வீட்டில் நடக்கக்கூடாது.

உள்ளுறைக்கு 17 × 22 செ.மீ. வெட்டினால் நாலு பக்கமும் 1 செ.மீ. தையலுக்குப் போய் 15 × 20 நிற்கும். தையல் நீளம் 2 மி.மீ., மூலைகளில் இரட்டைத் தையல். மேலுறைக்கு ஜிப் வைக்காதீர்கள். பின்பக்கம் இரண்டு துண்டு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும் மடிப்பு போதும். கன்னத்தில் உறுத்தாது, வேலையும் பாதி. துணி வெட்ட உருளைக் கத்தியும் அதற்கு அடியில் விரிக்கும் வெட்டுப் பாயும் வாங்குங்கள். கத்தரியால் 20 துண்டு ஒரே அளவில் வெட்ட என்னால் முடிந்ததே இல்லை.

படி 5: நிரப்புதல்

முதலில் மூலிகையைச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்குங்கள். பிளாஸ்டிக் புனலில் பொடி ஒட்டிக்கொள்ளும், கழுத்தில் காம்பு அடைக்கும். ஒரு தடித்த தாளை அகல வாயுள்ள கூம்பாகச் சுருட்டி ஒட்டிக்கொண்டால் அதைவிட நல்ல கருவி கிடையாது. 5 செ.மீ. வாய் விட்டு, முக்கால் பங்கு மட்டும் நிரப்புங்கள். திணித்தால் கல் மாதிரி ஆகிவிடும், வாசனையும் குறைவாகத்தான் வரும். லாவெண்டரின் எண்ணெய் மொட்டின் மேலிருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. அவை ஒன்றோடொன்று உரசி உடைய இடம் வேண்டும்.

வாசனை எண்ணெயை நேராகத் தெளிக்காதீர்கள். துணியில் கறை பிடிக்கும், அந்தக் கறை போகாது.

படி 6: சீட்டு

துணி என்ன, உள்ளே என்னென்ன மூலிகை, நிரப்பிய தேதி, உள்ளுறையைத் துவைக்கக்கூடாது என்ற குறிப்பு. இந்த நான்கும் கட்டாயம். சீமைச்சாமந்தி இருந்தால், அந்தக் குடும்பத்துப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது என்று எழுதுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொட்டிலில் எந்தத் தலையணையும் வைக்கக்கூடாது, இதுவும் அதில் சேர்த்தி.

தூக்கமின்மை தீரும், தலைவலி போகும் என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். நோய் தீரும் என்று எழுதிய நிமிடம், பல நாடுகளின் சட்டத்தில் உங்கள் தலையணை மருந்தாகிவிடும். ‘லாவெண்டர் மணம், தலைமாட்டில் வைக்க’ என்று போட்டால் போதும்.

படி 7: விலை

ஒரு தலையணைக்குக் கால் மணி நேரம் ஆகிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 10 தலையணை செய்தேன். 400 நிமிடம். ஒன்றுக்கு 40. மிஷினில் உட்கார்ந்தது 12 நிமிடம்தான். வெட்ட 5, நிரப்பி வாயைக் கையால் தைக்க 8, சீட்டும் பொட்டலமும் 7, படம் எடுத்து விசாரணைகளுக்குப் பதில் சொல்ல 8. இதில் எடை போட்ட நேரமே சேரவில்லை.

பொருள் செலவு, 40 நிமிடக் கூலி, பொட்டலச் செலவு, சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு. கூட்டினால் அடக்கவிலை. விற்பனை விலை அதைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். பேராசை என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு ஒரு கடை மொத்தமாகக் கேட்டால் பெரும்பாலும் பாதி விலைக்குத்தான் கேட்கும். அப்போது கையைக் கடிக்கக்கூடாது.

படி 8: படம், பார்சல்

ஜன்னலோர வெளிச்சத்தில் எடுங்கள், ஒரு படத்திலாவது கை இருக்கட்டும். இல்லையென்றால் படுக்கைத் தலையணை அளவு என்று நினைத்து வாங்கிவிட்டுச் சண்டைக்கு வருவார்கள். பார்சலுக்குக் காகித உறை, அதற்கு மேல் நீர் புகாத உறை. வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் அந்த நாட்டின் தாவரச் சோதனை விதியைப் பாருங்கள். காய்ந்த இலையையும் விதையையும் எல்லையிலேயே நிறுத்திவிடும் நாடுகள் இருக்கின்றன.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலர் எழுதியதால் இரண்டு விஷயம்.

மைக்ரோவேவில் சூடாக்கலாமா? இந்தத் தலையணையை வேண்டாம். காய்ந்த இலை, திரும்பத் திரும்பச் சூடானால் கருகித் தீப்பிடிக்கக்கூடும். வாங்குபவர் கேட்காமலே செய்து பார்ப்பார் என்பதால் ‘சூடாக்க வேண்டாம்’ என்று சீட்டில் ஐந்தாவது வரியாகச் சேர்த்துவிட்டேன்.

இன்னொருவருக்குப் பாட்டிலில் பனி படியவில்லை, ஆனால் இலை நமுத்திருந்தது. பாட்டிலைக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் இலை காய்ந்திருந்தாலும் பனி தெரியலாம். சூடான அறையில் வைத்தால் ஈரம் இருந்தும் தெரியாமல் போகலாம். பாட்டிலும் கையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சொன்னால் கையை நம்புங்கள். உலர்த்தும் கருவியில் 35 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி தராசில் ஏற்றுங்கள். 2 கிராம் குறைந்தாலும் இன்னும் காயவில்லை என்றுதான் கணக்கு.