குளக்கரையில் ஆறு கபானா: திருகோணமலையில் கட்டப்போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் குளத்தோரமாகவோ களப்போரமாகவோ சின்னதாக, அழகாக, இயற்கையைக் கெடுக்காமல் ஆறு கபானாக்களோடு (தனிக் குடில்களோடு) ஒரு ரிசோர்ட் போடலாமா என்று விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் இப்படிக் கட்டும்போது நடக்கும் பிழைகள் பெரும்பாலும் மேசனோ தச்சரோ விடுகிறவை அல்ல. அத்திவாரம் வெட்டும் முன்னரே, காணி பார்க்கும்போதும் வரைபடம் கீறும்போதும் விடப்படுகிறவை. அவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

ஜனவரியில் காணி பார்ப்பது

இதுதான் முதலாவது, மிகப் பெரியதும் கூட. டிசெம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ காணி பார்க்க வருகிறவருக்குக் குளம் விளிம்பு முட்ட நிற்கும். தாமரை பூத்திருக்கும், பட்ட மரத்தில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயும். அந்த இடத்திலேயே முற்பணம் கொடுக்க மனம் வந்துவிடும். ஆனால் திருகோணமலைக்குச் சுற்றுலாக்காரர் வருவது ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. கடல் அமைதியாகி, புறாமலைத் தீவுக்குப் படகுகள் ஓடுவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் குளம் இறங்கிக்கொண்டே போகும். சின்னக் குளமென்றால் ஓகஸ்டில் நடுவில் ஒரு குட்டையும், சுற்றிவர வெடித்த சேறும், மேய்கிற மாடுகளும்தான் மிஞ்சும்.

இது குளத்தின் குறையல்ல. தண்ணீரைத் தேக்கி வெளியே விடுவதற்காகத்தான் அது கட்டப்பட்டது. பெரும்போகத்தில் மழைக்குத் துணையாகவும், சிறுபோகத்தில் கிட்டத்தட்ட முழுப் பொறுப்பாகவும் துருசு (மதகு) வழியே வயலுக்குத் தண்ணீர் போகிறது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எப்போது துருசு திறப்பது என்பதைப் போகத்துக்கு முந்திய கூட்டத்தில் கமக்காரரும் அதிகாரிகளும் சேர்ந்து முடிவெடுப்பார்கள். உங்கள் யன்னலுக்கு வெளியே தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதும் அங்கேதான் தீர்மானமாகிறது. அந்தக் கூட்டத்தில் உங்களுக்குக் குரலில்லை, இருக்கவும் கூடாது.

ஆகவே காணியை இரண்டு தரம் பாருங்கள்: ஒருதரம் குளம் நிரம்பி வான் பாயும்போது, ஒருதரம் ஓகஸ்டில். பட்டி மாடு வைத்திருக்கும் வயதானவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், தண்ணீர் ஆகக்கூடியது எதுவரை ஏறியது, ஆகக்குறைந்தது எதுவரை இறங்கியது என்று கேளுங்கள். அவர் காட்டும் இரண்டு மரங்களுக்கு இடையிலான நிலம் முழுவதும் குளம்தான். ஓகஸ்டுக் காட்சியிலும் ஒரு அழகு உண்டு. புல்வெளி, நாரைக் கூட்டம், பின்னேர வெளிச்சத்தில் மயில். அதை நம்பி வரைந்தால் ஏமாற்றமில்லை. ஜனவரிப் படத்தைக் காட்டி ஓகஸ்டில் ஆள் கூப்பிட்டால் வருகிறவர் திட்டிவிட்டுத்தான் போவார்.

தண்ணீருக்கு மேலே தூண் நட்டுக் கட்டுவது

மாலைதீவுப் படங்களின் விளைவு இது. அங்கே கடல் மட்டம் நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. குளத்தில் மட்டம் வருசத்துக்குள் ஆள் உயரத்துக்கு மேல் ஏறி இறங்கும். ஜனவரியில் தண்ணீரைத் தொட்டு நிற்கும் கபானா, ஓகஸ்டில் சேற்றின்மேல் கொக்குக் காலில் நிற்கும். அதைவிட முக்கியம், அலைகரை, அதாவது தண்ணீர் ஏறி இறங்கும் கரை, உங்களுடையதல்ல. குளத்துக்கு ஒதுக்கு நிலம் உண்டு. 200 ஏக்கர் அல்லது அதற்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சின்னக் குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குக் கீழே வரும், சில மாகாண சபையின் கையில் உள்ளன. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று அங்கே கேட்காமல் விற்பவர் காட்டும் வேலியை நம்பக்கூடாது.

குளக்கட்டுக்குக் கீழ்ப்பக்கமும் சிலருக்குக் கண்ணில் படும். எப்போதும் பச்சை, விலையும் மலிவு. அது பெரும்பாலும் வயற்காணி. அனுமதியில்லாமல் வயலை நிரப்பிக் கட்டுவதைக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. சட்டத்தை விட்டாலும், 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த மாவட்டம் இது. கட்டின் கீழே படுக்கையறை வைக்க எனக்கென்றால் மனம் வராது.

வடிவமைப்பில் கெட்டிக்காரத்தனம் எது என்று பார்க்க விரும்புகிறவர்கள் தம்புள்ளைக்குப் பக்கத்தில் ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலைப் பார்க்கலாம். 1990களின் நடுப்பகுதியில் திறக்கப்பட்டது. குளத்தைப் பார்த்தபடி, ஆனால் அலைகரையில் இறங்காமல், குன்றோடு ஒட்டித் தூண்களில் நிற்கிறது. மழைத்தண்ணீர் கட்டடத்துக்குக் கீழால் ஓடிப்போகும். கூரையிலும் முகப்பிலும் செடி படர்ந்து, தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் காட்டுக்குள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட கட்டடத்துக்கே, குளத்துத் தண்ணீர் கெட்டுவிடும் என்று அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்புக் காட்டியதும் வரலாறு. பின்வாங்கி மேட்டில் நின்றால் காட்சி குறையாது, கூடும்.

களப்பை ஏரி என்று நினைப்பது

நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கம் காணி வாங்குகிறவர்களுக்கு வருவது வேறு பிரச்சினை. களப்பு கடலோடு சேர்ந்தது. கோடையில் மண் தள்ளி முகத்துவாரம் அடைபட்டுப் போகிற களப்புகள் உண்டு. மாரி தொடங்கியதும் ஆற்றுத் தண்ணீர் வந்து சேர, வெளியேற வழியில்லாமல் மட்டம் மளமளவென்று ஏறும். மீனவர்கள் வாயை வெட்டிவிடும் வரை அது கரையைத் தாண்டி நிற்கும். நிலமட்டத்தில் தரை போட்டவர்களின் மெத்தை முதல் மழையிலேயே நனைவது இப்படித்தான்.

காட்சிக்காகக் கண்டலையும் கண்ணாவையும் (களப்போரச் சதுப்பு மரங்களை) வெட்டுவது அடுத்தது. கரை அரிக்காமல் வேரால் பிடித்து வைத்திருப்பவை அவைதான், இறால் குஞ்சும் நண்டும் வளர்வதும் அந்த வேருக்குள்தான். 2015இல் இலங்கை தன் கண்டற் காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக அறிவித்தது. வெட்டினால் வழக்கும் வரும், களப்பில் தொழில் செய்கிறவர்களின் கோபமும் வரும். மரங்களுக்கு இடையால் தெரியும் தண்ணீர் போதும்.

சட்டப் பக்கம்: 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் கரையோர வலயம். கடலோடு தொடுக்கப்பட்ட ஆறு, களப்பு என்றால் அது 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். “கடற்கரை தூரத்தில்தானே” என்று தப்பிக்க முடியாது. பெரிய சூழல் மதிப்பீட்டுப் பட்டியலில் 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல்கள்தான் இருக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டு, ஆறு அறைக்கு எந்த அனுமதியும் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் பிழை. பிரதேச சபை, பிரதேச செயலகம், கரையோரத் திணைக்களம் என்று படி ஏறத்தான் வேண்டும்.

வெயிலும் காற்றும் எந்தப் பக்கம்

அழகாகக் கட்டுகிறோம் என்பவர்கள்கூட இங்கே சறுக்குகிறார்கள். திருகோணமலை பூமத்தியரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியில் உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேல். அதன்பிறகு ஓகஸ்ட் கடைசி வரை, அதாவது விருந்தாளிகள் நிறையும் காலம் முழுக்க, உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும். தெற்கு யன்னலுக்கு மட்டும் மறைப்பு வைத்துவிட்டு வடக்கைக் கண்ணாடியாகத் திறந்துவிடும் வரைபடங்கள் வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து வந்தவை. நல்ல செய்தி, ஜூனில்கூட அந்தச் சாய்வு 15 பாகைதான். 10 அடிச் சுவருக்கு 3 அடி இறவாரம் விட்டால் உச்சி வெயில் சுவரைத் தொடாது.

மேற்குத்தான் தலையிடி. பின்னேர வெயில் சரிந்து வரும், இறவாரம் தடுக்காது. அதோடு ஜூன் முதல் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தரையைக் கடந்து சூடாக, புழுதியோடு வீசும். குளம் மேற்கே இருந்தால் சூரியன் மறைவதைப் பார்க்க எல்லா அறைக்கும் மேற்கே கண்ணாடிச் சுவர் வைக்க ஆசை வரும். அந்த அறைகளில் இரவு பத்து மணிக்கும் சுவர் சுடும். சூரிய மறைவை எல்லோருக்கும் பொதுவான ஒரு திறந்த கொட்டிலுக்குக் கொடுங்கள். அறைகளின் மேற்குப் பக்கத்தில் குளியலறையும் அலுமாரியும் வரட்டும். வேம்போ மருதோ நிற்கும் காணியென்றால் கட்டடத்தை அதன் கிழக்கே தள்ளி வையுங்கள். இருக்கிற மரத்தைத் தறித்துவிட்டு நிழலுக்காகப் புதுக்கன்று நடுவதைப் போல வீண்செலவு வேறில்லை.

ஏசியே வேண்டாம் என்று சபதம் எடுப்பவர்களும் உண்டு. மே மாதத்து இரவில் புழுங்கும்போது வருகிறவர் மறுநாளே அறையைக் காலி செய்வார். படுக்கிற அறையைச் சின்னதாக, இறுக்கமாக மூடும்படி கட்டி அதற்கு மட்டும் ஒரு சின்ன ஏசி, மிச்சமெல்லாம் திறந்த விறாந்தை என்பது என் அபிப்பிராயத்தில் நேர்மையான வழி. சூரிய மின்சாரம் நன்றாகக் கிடைக்கும் மாதங்களும் ஆட்கள் வரும் மாதங்களும் இங்கே ஒன்றாகவே அமைந்துவிட்டன.

கிடுகுக் கூரை படத்துக்கு நன்றாக இருக்கும். ஒன்றிரண்டு வருசத்தில் மாற்ற வேண்டும், அதற்கான காசையும் ஆளையும் இப்போதே கணக்கில் போடுங்கள். சாய்வு குறைவாக மேய்ந்தால் வாடை (வடகீழ்ப் பருவ) மழை ஒரே மாரியில் அதை உக்கவைத்துவிடும். ஓட்டுக் கூரை போட்டு, விறாந்தைக்கு மட்டும் கிடுகு வைத்தால் குரங்கு பிய்க்கிற செலவும் பாதியாகும்.

மலக்குழியும் கிணறும்

எழுத அழகில்லாத விஷயம், ஆனால் இங்கே விடும் பிழைதான் குளத்தைக் கொல்லும். கோடையில் குழி வெட்டினால் காய்ந்த மண் தெரியும். அதைப் பார்த்து ஆழமாக ஊறுகுழி போட்டுவிடுவார்கள். மாரியில் நிலத்தடி நீர் அந்தக் குழியின் அடியைத் தாண்டி மேலே நிற்கும். அப்போது கழிவு ஊறாது, நேரே தண்ணீரோடு கலக்கும். அது குளத்துக்குப் போகும், உங்கள் கிணற்றுக்கும் வரும். கிணற்றிலிருந்து 50 அடி என்ற பழைய கணக்கு மட்டும் மணல் நிலத்தில் போதாது.

அடிப்பக்கம் முழுக்க மூடிய தொட்டி, அதன்பின் கல் நிரப்பிய வடிகட்டி, கடைசியில் நிலமட்டத்துக்கு மேலே உயர்த்திக் கட்டிய பாத்தியில் நாணலும் கல்வாழையும். இந்த வரிசை ஆறு அறைக்குத் தாங்கும். காணியின் ஆக உயர்ந்த மூலையை இதற்குக் கொடுங்கள். அந்த மூலையில்தான் நல்ல காட்சி இருக்கிறது என்று வடிவமைப்பாளர் சண்டை பிடிப்பார். சமாளியுங்கள். சமையலறை எண்ணெய்த் தண்ணீருக்குத் தனி எண்ணெய்ப்பொறி வேண்டும், இல்லாவிட்டால் நாணல் ஒரு பருவத்தில் செத்துவிடும்.

அப்புறம் தண்ணீர். பக்கத்தில் குளம் இருப்பதால் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கோடையில் கிணறு வற்றும், கடலோரத்தில் உவர்க்கும், பவுசருக்குக் காசு கொடுப்பீர்கள். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். திருகோணமலையில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை சராசரியாக 1,000 மில்லிமீற்றரைச் சுற்றி மழை பெய்கிறது. 100 சதுர மீற்றர் ஓட்டுக் கூரையில் ஐந்திலொன்று வீணானாலும் 80,000 லீற்றர் பிடிக்கலாம். அதைத் தேக்க இடமில்லாமல் வரைபடம் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நீச்சல் தடாகம் வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: கச்சான் அடிக்கும் மாதங்களில் நாளுக்கு 5 முதல் 7 மில்லிமீற்றர் ஆவியாகும். 50 சதுர மீற்றர் தடாகத்தில் அது தினமும் 250 முதல் 350 லீற்றர். தடாகத்தைக் கழுவும் குளோரின் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வரும்.

பக்கத்துக் குடியிருப்பாளர்கள்

யானையைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. வாழையும் கரும்பும் நட்டு, சமையல் கழிவைத் திறந்த குழியில் கொட்டினால் கந்தளாய், மொரவெவப் பக்கத்தில் அது கட்டாயம் வரும். அரிசி மூட்டையைச் சுவரோர அறையில் வைத்தாலும் வரும். குளத்தில் முதலை உண்டு. குளிக்க இறங்கவும் கயாக் விடவும் முன், அந்தக் குளத்தில் வலை போடுகிறவர்களைக் கேளுங்கள், பயணமுகவரை அல்ல. தண்ணீரோரம் வெள்ளை விளக்குப் போட்டால் ஈசலும் நுளம்பும் சாப்பாட்டு மேசைக்கே வரும். தாழ்வாக, மஞ்சளாக, தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள்.

காணிப் பத்திரத்தில் ஒரு எச்சரிக்கை. உறுதிக் காணி வேறு, அனுமதிப்பத்திரக் காணி வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணியை வைத்திருப்பவர் நினைத்தபடி விற்க முடியாது. பிரதேச செயலாளரின் சம்மதமில்லாத கைமாற்றம் செல்லாது. போரில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணிகள் இன்னும் வழக்கில் கிடக்கிற மாவட்டம் இது. கிராம உத்தியோகத்தரிடமும் அயலவரிடமும் விசாரிக்காமல் சட்டத்தரணியின் கடதாசியை மட்டும் நம்பினால், கட்டி முடித்த பிறகு உண்மையான சொந்தக்காரர் வந்து படலையில் நிற்பார்.

கடைசியாக வேலி. காலையில் வலைக்காரர் போகும் ஒற்றையடிப் பாதை, பின்னேரம் மாடு தண்ணீருக்கு இறங்கும் வழி, பெண்கள் உடுப்புத் தோய்க்கும் கல், எல்லாம் உங்கள் காணிக்குள்ளோ அதன் ஓரத்திலோ இருக்கும். தனிமை வேண்டுமென்று கம்பி அடித்து அதை மறித்தால் அன்றைக்கே ஊரோடு பகை. வரைபடத்தில் அந்தப் பாதையை முதலில் கீறிவிட்டு மிச்ச நிலத்தில் கட்டடத்தைப் போடுங்கள். மாடுகள் சோடியாகப் போக 12 அடி அகலம் விட வேண்டும். பாதைக்கும் அறைகளுக்கும் இடையில் கம்பிக்குப் பதில் கிளுவைக் கதிகால் நட்டால் ஒரு மாரியில் தழைத்துவிடும். குளிக்கிறவர்கள் இருக்கும் பக்கமாக எந்த அறையின் யன்னலும் திறக்கக்கூடாது என்பதையும் வடிவமைப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.