சிஏஎஸ் (CAS) என்று போட்டிருந்தால் அது எந்த சிஏஎஸ்?

மூன்றே எழுத்துதான். ஆனால் ரசாயன பாட்டிலின் லேபிளில் இருக்கும், ரேம் விவரப் பட்டியலில் இருக்கும், மல்டி-திரெட் நிரல் (ஒரே நேரத்தில் பல இழைகளாக, அதாவது திரெட்களாக, ஓடுவது) எழுதுகிறவர்கள் பேச்சில் நாலு வாக்கியத்துக்கு ஒரு தடவை வரும், குவாண்டம் வேதியியல் கட்டுரையின் தலைப்பிலும் உட்கார்ந்திருக்கும். தேடுபொறியில் வெறுமனே சிஏஎஸ் என்று அடித்தால் எல்லாம் கலந்துகட்டி வந்து விழும். சுருக்கெழுத்துகளுக்கு விரிவாக்கம் தரும் தளங்களுக்குப் போனால் நீளமான பட்டியல் ஒன்று கிடைக்கும், உங்கள் முன்னால் இருப்பது அதில் எது என்று மட்டும் தெரியாது. அதனால் விரிவாக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த மூன்று எழுத்தை ஒட்டி என்ன நிற்கிறது என்று பாருங்கள். கோடு போட்ட எண்ணா, அடைப்புக்குறியா, நேர அளவா, 'தோற்றது', 'மறுபடி முயல்கிறது' மாதிரி வினைச்சொல்லா? பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கோடு போட்ட எண் இருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வேதியியல். அமெரிக்க வேதியியல் கழகத்தின் கீழ் இயங்கும் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் சர்வீஸ் என்ற அமைப்பு ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் கொடுக்கும் பதிவு எண் அது. 1965 முதல் கொடுத்து வருகிறார்கள். தேவையும் நியாயமானதுதான், எத்தனால் என்பார்கள், எத்தில் ஆல்கஹால் என்பார்கள், கம்பெனிக்கு ஒரு வணிகப் பெயர் இருக்கும், எண் மட்டும் எப்போதும் 64-17-5. அமைப்பு மூன்று துண்டு: முதல் துண்டில் இரண்டு முதல் ஏழு இலக்கம், நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்றே ஒன்று. அந்த எண்ணுக்குள் மூலக்கூறு பற்றிய தகவல் எதுவும் ஒளிந்திருக்கவில்லை, பதிவான வரிசையில் கொடுத்ததுதான். அடுத்தடுத்த எண் என்பதால் இரண்டும் ஒரே மாதிரிப் பொருள் என்று முடிவுகட்ட வேண்டாம்.

கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம், இதைக் கையாலேயே சோதித்துவிடலாம். தண்ணீரை எடுத்துக்கொள்வோம், 7732-18-5. கடைசி 5-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக்கொண்டே போங்கள்: 8×1, 1×2, 2×3, 3×4, 7×5, 7×6. அதாவது 8, 2, 6, 12, 35, 42. கூட்டினால் 105. அதன் கடைசி இலக்கம் 5, ஒதுக்கி வைத்ததும் 5, சரி. இது பொருந்தவில்லை என்றால் ஒன்று எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறீர்கள், இல்லை அது இந்த வகை எண்ணே கிடையாது. பொருந்திவிட்டால் மட்டும் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. நீரற்ற காப்பர் சல்ஃபேட் 7758-98-7, ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த நீலப் படிகம் 7758-99-8, இரண்டுமே கணக்கில் தேறும், ஆனால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடை போட்டால் செறிவு மொத்தமும் தப்பாகிவிடும்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. இந்த எண்களை எக்செல் மாதிரி விரிதாளில் ஒட்டுவதற்கு முன்னால் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். பல்லேடியத்தின் எண் 7440-05-3. விரிதாளுக்கு அது 7440-ஆம் ஆண்டு மே மாதம் 3-ஆம் தேதி! சத்தமில்லாமல் தேதியாக மாற்றி வைத்துவிடும். தண்ணீருக்கு இந்தத் தொல்லை இல்லை, 18-ஆவது மாதம் என்று ஒன்று கிடையாதே. அதனால்தான் இது சட்டென்று கண்ணில் படாது, ஆயிரம் வரிசையில் ஏதோ சில மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

அடுத்தது நிரலாளர்களின் சிஏஎஸ், கம்பேர் அண்ட் ஸ்வாப். பக்கத்தில் அட்டாமிக், லாக்-ஃப்ரீ, திரெட், ரீட்ரை இந்த வார்த்தைகளில் ஏதாவது ஒன்று இருந்தால் இதுதான். இதற்கு மூன்று விஷயம் கொடுக்க வேண்டும்: மெமரியில் ஒரு இடம், அங்கே இருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பு, வைக்க வேண்டிய புது மதிப்பு. எதிர்பார்த்ததுதான் அங்கே இருக்கிறது என்றால் புதியதை வைக்கும், இல்லையென்றால் தொடாமல் விட்டுவிட்டு 'முடியவில்லை' என்று சொல்லும். பார்ப்பதும் வைப்பதும் இடையில் யாரும் நுழைய முடியாதபடி ஒரே மூச்சில் நடக்கும். கவுண்ட்டரில் 7 இருக்கிறது, இரண்டு திரெட்டும் 7 என்று படித்துக்கொண்டு ஆளுக்கு ஒன்று கூட்ட வருகின்றன என்று வையுங்கள். முதலாவது '7 இருந்தால் 8 ஆக்கு' என்கிறது, ஆகிவிடுகிறது. இரண்டாவதும் அதையே சொல்கிறது, ஆனால் அங்கே இப்போது 8, அதனால் தோற்கிறது. மறுபடி படித்து '8 இருந்தால் 9 ஆக்கு' என்று வருகிறது. ஒரு கூட்டலும் தொலையவில்லை, பூட்டும் போடவில்லை. இன்டெல், ஏஎம்டி கணினிகளின் எக்ஸ்86 சிப்களில் இந்தக் கட்டளைக்கு வேறு பெயர், சிஎம்பிஎக்ஸ்சிஎச்ஜி, அதை வாய்விட்டுச் சொல்ல முயற்சிக்க வேண்டாம். ஆர்ம் 8.1 என்ற சிப் வடிவமைப்பில் சிஏஎஸ் என்ற பெயரிலேயே கட்டளை உண்டு. தரவை மெமரியில் வைத்துத் தரும் மெம்கேஷ்ட் என்ற மென்பொருளில் வரும் சிஏஎஸ்ஸுக்கு விரிவாக்கம் செக் அண்ட் செட், ஆனால் எண்ணம் அதேதான், நான் படித்த பிறகு யாரும் மாற்றவில்லை என்றால் மட்டும் எழுது.

இந்த சிஏஎஸ்ஸோடு ஒட்டிக்கொண்டு ஏபிஏ என்று இன்னொரு சுருக்கம் வரும். மதிப்பு ஏ-யிலிருந்து பி-க்குப் போய்த் திரும்ப ஏ-க்கே வந்துவிட்டால், நடுவில் நடந்தது எதுவும் தெரியாமல் 'மாறவில்லை' என்று இது நம்பிவிடும் என்பதுதான் பிரச்சினை. வழக்கமான மருந்து, மதிப்போடு ஒரு பதிப்பு எண்ணையும் சேர்த்து ஒப்பிடுவது. ஏபிஏ பக்கத்தில் இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், கம்பேர் அண்ட் ஸ்வாப்தான்.

ரேம் விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். லேட்டன்சி (தாமதம்), டிடிஆர், நானோ வினாடி என்று பக்கத்தில் இருந்தால் அது காலம் (column, நெடுவரிசை) அட்ரஸ் ஸ்ட்ரோப், விவரப் பட்டியலில் சிஎல்16, சிஎல்30 என்று வருவது இதைத்தான் குறிக்கிறது. அந்த எண் நேரம் இல்லை, கடிகாரச் சுற்றுகளின் எண்ணிக்கை. நேரம் வேண்டுமென்றால் அதை 2000-ஆல் பெருக்கி ரேமின் வேக எண்ணால் வகுங்கள். டிடிஆர்4-3200 சிஎல்16 என்றால் 10 நானோ வினாடி, டிடிஆர்5-6000 சிஎல்30 என்றாலும் அதே 10. எண் பெரிதாக இருக்கிறதே, ரேம் மெதுவாக இருக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை.

அடைப்புக்குறிக்குள் இரண்டு எண் இருந்தால், சிஏஎஸ்(6,6) மாதிரி, மறுபடி வேதியியலுக்கு வந்துவிட்டோம், ஆனால் பாட்டில் லேபிள் இல்லை, கணக்கீட்டு வேதியியல். கம்ப்ளீட் ஆக்டிவ் ஸ்பேஸ். வழக்கமாக முதல் எண் எலக்ட்ரான்கள், இரண்டாவது எண் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் நிரம்பும் இடங்கள். பென்சீனின் ஆறு பை எலக்ட்ரான்களை ஆறு பை ஆர்பிட்டால்களில் சாத்தியமான எல்லா விதத்திலும் நிரப்பிப் பார்ப்பதுதான் (6,6). எண்களைக் கொஞ்சம் கூட்டினாலும் கணக்கு மலைபோல் வளர்ந்துவிடும். பின்னால் எஸ்சிஎஃப் அல்லது பிடி2 என்று ஒட்டு இருந்தாலும் இதே குடும்பம்தான்.

மிச்சத்தைப் பார்த்தவுடன் தாண்டிவிடலாம். சமன்பாடு, தொகையீடு, மாக்ஸிமா, சிம்பை என்று சுற்றி இருந்தால் கம்ப்யூட்டர் ஆல்ஜிப்ரா சிஸ்டம், அதாவது குறியீடுகளை வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள். பல்கலைக்கழகத் தளத்தின் லாகின் பக்க முகவரியில் இருந்தால் சென்ட்ரல் ஆதென்டிகேஷன் சர்வீஸ், யேல் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கட்டுரை ஆசிரியர்களின் நிறுவன முகவரியில் இருந்தால் சீன அறிவியல் கழகம். வேதியியல் கட்டுரையிலேயே இது வருவதால் பலர் பதிவு எண்ணோடு குழப்பிக்கொள்கிறார்கள். முதல் எழுத்து மட்டும் பெரியதாகவும் பின்னால் 9 என்றும் இருந்தால் அது மரபணு வெட்டும் கிறிஸ்பர் புரதம், நம் பட்டியலிலேயே சேராது.

தேடும்போது இதையே பயன்படுத்திக்கொள்ளுங்கள். பொருளின் பெயரோடு 'சிஏஎஸ் நம்பர்' என்று அடியுங்கள், நிரலுக்கு 'அட்டாமிக்' சேருங்கள், ரேமுக்கு 'லேட்டன்சி'. நீங்களே டேட்டாபேஸ் கட்டுகிறீர்கள் என்றால் நெடுவரிசைக்கு வெறும் சிஏஎஸ் என்று பெயர் வைக்காதீர்கள், பதிவு எண் என்பது பெயரிலேயே தெரியட்டும்.

ஏனென்றால் உண்மையான தலைவலி வேதியியல், நிரல் என்ற இரண்டு உலகமும் ஒரே மென்பொருளில் சேரும்போதுதான் வரும். ஆய்வகச் சரக்கிருப்பைக் கவனிக்கும் மென்பொருளின் லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவேட்டில்) 'சிஏஎஸ் தோல்வி' என்று ஒரே ஒரு வரி கிடக்கிறது என்று வையுங்கள். அதற்கு மேலும் கீழும் ரெண்டு மூன்று வரி படியுங்கள். ரீட்ரை, வெர்ஷன் என்று இருந்தால் இரண்டு பேர் ஒரே பதிவை ஒரே நேரத்தில் திருத்தியிருக்கிறார்கள், பெரும்பாலும் அது தானாகவே மறுபடி முயன்று முடித்திருக்கும். டிக்கெட் என்ற சொல்லும் எஸ்டி என்று தொடங்கும் நீளமான சரமும் இருந்தால் லாகின் சிக்கல், வெளியேறி மறுபடி உள்ளே வந்து பாருங்கள். கோடு போட்ட எண் ஒன்று இருந்தால் பேனாவை எடுத்து அந்தக் கடைசி இலக்கத்தைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.