தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை ஊருக்குப் புரியும் ஒரு பக்கமாக எழுதுவது எப்படி?

ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையில் பதினைந்து, இருபது வரி எண்கள் இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. குடத்தோடு அடிபம்புக்கு வருபவருக்குத் தெரிய வேண்டியது இதைக் குடிக்கலாமா, கூடாதென்றால் எங்கே போய்ப் பிடிப்பது என்பதுதான். அந்த எண்களிலிருந்து இந்தப் பதிலுக்கு வந்து சேரும் வேலைதான் நீர்த்துறை எழுத்தில் முதலில் பழக வேண்டியது. தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த புதியவர், ஊராட்சிச் செயலர், கல்லூரித் திட்டத்துக்காக ஊருக்குப் போகும் மாணவர் என்று யாரும் செய்யலாம். வேதியியல் பட்டம் வேண்டாம், கால்குலேட்டர் போதும்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை அறிக்கையை எடுத்துக்கொள்வோம். இடம்: தெற்குத் தெரு அடிபம்பு. பிஎச் 7.6. மின்கடத்துத்திறன் 1650 மைக்ரோசீமென்ஸ். மொத்தக் கரைந்த உப்பு, அதாவது டிடிஎஸ், 990. மொத்தக் கடினத்தன்மை 480. கால்சியம் 104, மக்னீசியம் 54, குளோரைடு 230, நைட்ரேட் 38, ஃபுளோரைடு 1.8. ஈ.கோலை, அதாவது தண்ணீரில் மலம் கலந்ததைக் காட்டும் கிருமி, 100 மில்லிலிட்டரில் இல்லை. பிஎச், மின்கடத்துத்திறன், ஈ.கோலை தவிர மற்ற எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

முதல் படி: எந்தத் தண்ணீர், எப்போது எடுத்தது?

எண்களுக்குப் போவதற்கு முன் அறிக்கையின் தலைப்பகுதியைப் படியுங்கள். மாதிரி எடுத்த இடம், எடுத்த நாள், ஆய்வகத்துக்கு வந்த நாள் மூன்றும் இருக்க வேண்டும். 'தெற்குத் தெரு' என்று மட்டும் இருந்தால் போதாது. ஒரே தெருவில் அடிபம்பும், மேல்நிலைத் தொட்டிக் குழாயும், பள்ளிக்கூடத்து ஆழ்துளைக் கிணறும் இருக்கலாம், மூன்றும் வேறுவேறு தண்ணீர். டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய், எந்த வாயிலிருந்து பிடித்தார்கள் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

நுண்ணுயிர்ச் சோதனை என்றால் தேதியை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் சோதனைக்கு எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பிடித்து திங்கட்கிழமை ஆய்வகத்தில் கொடுத்தது என்றால் அந்த முடிவை வைத்து எதையும் எழுதாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீராக இருந்தால் பாட்டிலில் சோடியம் தயோசல்பேட் போட்டிருந்தார்களா என்றும் கேளுங்கள். போடாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும், குழாயில் இருந்த கிருமி அறிக்கையில் 'இல்லை' என்று வந்துவிடும்.

இரண்டாம் படி: எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?

ஆய்வகத்திலும் தட்டச்சுப் பிழை நடக்கும். இரண்டு கணக்குகள் போட்டாலே பெரும்பாலானவை சிக்கிவிடும்.

மின்கடத்துத்திறனை 0.55 முதல் 0.7 வரை ஓர் எண்ணால் பெருக்கினால் டிடிஎஸ் கிட்டத்தட்ட வர வேண்டும். 1650-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 990. சரியாக இருக்கிறது. 99 என்றோ 9900 என்றோ வந்திருந்தால் ஒரு சைபர் எங்கோ போயிருக்கிறது.

அடுத்தது கடினத்தன்மை. கால்சியத்தை 2.5-ஆலும் மக்னீசியத்தை 4.12-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 104 × 2.5 = 260. 54 × 4.12 = 222. கூட்டினால் 482. அறிக்கையில் 480, பரவாயில்லை. சில அறிக்கைகளில் கால்சியத்தையே 'கால்சியம் கார்பனேட்டாக' என்று போட்டிருப்பார்கள். அதைக் கவனிக்காமல் 2.5-ஆல் பெருக்கினால் கணக்கு உதைக்கும்.

நைட்ரேட்டில்தான் புதியவர்கள் அதிகம் விழுகிறார்கள். 'நைட்ரேட்' என்று கணக்கிட்டால் வரம்பு 45. ஆனால் சில அறிக்கைகள் 'நைட்ரேட், நைட்ரஜனாக' என்று கொடுக்கும். அந்த எண்ணை 4.43-ஆல் பெருக்கிய பிறகுதான் 45-உடன் ஒப்பிட முடியும். நைட்ரஜனாக 12 என்று வந்திருந்தால் 45-க்குப் பக்கத்தில் அது சாதுவாகத் தெரியும். பெருக்கிப் பார்த்தால் 53, வரம்பைத் தாண்டிவிட்டது.

'பி.டி.எல்.' என்று வந்தால் 'கண்டறியும் அளவுக்குக் கீழே' என்று எழுதுங்கள். 'சைபர்' என்று எழுதக் கூடாது. கருவியால் பார்க்க முடியாத அளவில் இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

மூன்றாம் படி: இரண்டு வரம்புகளைக் குழப்பாதீர்கள்

இந்தியாவில் குடிநீருக்கான தரநிலை ஐ.எஸ். 10500, 2012-ஆம் ஆண்டுப் பதிப்பும் அதன் திருத்தங்களும். அதில் பல பொருள்களுக்கு இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீராதாரமே இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவு. இரண்டையும் 'அனுமதிக்கப்பட்ட அளவு' என்றே தமிழில் எழுதிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அப்படி எழுதினால் 'வேறு வழி இல்லாவிட்டால்' என்ற நிபந்தனை காணாமல் போய்விடுகிறது. நாம் 'ஏற்கத்தக்க அளவு', 'உச்ச அளவு' என்றே பிரித்து எழுதுவோம்.

டிடிஎஸ்-க்கு 500, 2000. கடினத்தன்மைக்கு 200, 600. குளோரைடுக்கு 250, 1000. ஃபுளோரைடுக்கு 1.0, 1.5. நைட்ரேட்டுக்கு 45 மட்டும்தான், அதற்கு மேல் சலுகை கிடையாது. பிஎச் 6.5-க்கும் 8.5-க்கும் இடையில் இருக்க வேண்டும், அதிலும் சலுகை இல்லை. ஈ.கோலை 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நம் அடிபம்பை இதில் வைத்துப் பாருங்கள். டிடிஎஸ், கடினத்தன்மை இரண்டும் ஏற்கத்தக்க அளவைத் தாண்டியிருக்கின்றன, உச்ச அளவுக்குள் இருக்கின்றன. உச்ச அளவையே தாண்டியது ஃபுளோரைடு ஒன்றுதான்.

நான்காம் படி: முடிவை ஒரே வரியில் எழுதுங்கள்

ஊரில் புகார் எதைப் பற்றி இருக்கும் தெரியுமா? கடினத்தன்மை பற்றி. பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை, பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது. நாக்குக்கும் கைக்கும் தெரிவது அதுதான். ஃபுளோரைடுக்கு ருசியும் கிடையாது, நிறமும் கிடையாது. அதனால் எழுதுபவர் கொஞ்சம் அசந்தால் 480-ஐ மேலே போட்டு 1.8-ஐக் கீழே தள்ளிவிடுவார். பெரிய எண் பெரிய ஆபத்தாகவும் தோன்றும். கடினத்தன்மையைக் காட்டி 'சிறுநீரகத்தில் கல் வரும்' என்று எழுதவும் வேண்டாம். அறிக்கை அப்படிச் சொல்லவில்லை.

நம் முடிவு: 'இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.' இதை எழுதிய பிறகு மற்றதெல்லாம் இந்த வரிக்கு ஆதாரமாக வர வேண்டும். ஆதாரமாகாத எண்ணைப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: 'கொதிக்க வைத்துக் குடியுங்கள்' என்ற பொறி

தண்ணீர் என்றதும் கை தானாக எழுதும் அறிவுரை இது. கிருமிக்குச் சரி: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் ஈ.கோலை சாகும். ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் இது கெடுதல். லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் ஃபுளோரைடு உள்ள 10 லிட்டர் தண்ணீரில் மொத்தம் 18 மில்லிகிராம் இருக்கிறது. கொதித்து ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் மீதி 9 லிட்டரில் அதே 18, அதாவது லிட்டருக்கு 2. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். நைட்ரேட் அதிகமான தண்ணீரைக் காய்ச்சி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பால்மாவு கரைத்துக் கொடுத்தால் ஆபத்து கூடுகிறது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாயும்.

டிடிஎஸ் பேனாவும் இதே கதைதான். கடையில் வாங்கி முக்கிப் பார்த்துவிட்டு '300 காட்டுது, நல்ல தண்ணி' என்பார்கள். அது மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு, கிருமி உண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அறிவிப்பில் இதற்கு ஒரு வரி ஒதுக்குவது வீண் போகாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்றால் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். அது பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைவது, யாரும் கலந்ததல்ல. சொல்லாமல் விட்டால் அடுத்த வாரமே பக்கத்துத் தொழிற்சாலை மேலோ தோட்டக்காரர் மேலோ பழி விழும். அந்த இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியதும் இந்த ஃபுளோரைடுக்காகத்தான்.

ஆறாம் படி: அறிவிப்பை எழுதுங்கள்

ஏ4 தாள், ஒரே பக்கம். முதல் இரண்டு வரியின் எழுத்து 48 புள்ளி (பாயின்ட்) அளவுக்குக் குறையாமல், மற்றவை 20. நம் உதாரணத்துக்கு இப்படி வரும்:

தெற்குத் தெரு அடிபம்பு
இந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம்.
குளிக்கலாம், துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம்.
குடிக்க: மாரியம்மன் கோயில் பக்கத்துக் கூட்டுக் குடிநீர்க் குழாய், காலை 6 முதல் 8 வரை.
காரணம்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.8 மில்லிகிராம் இருக்கிறது. 1.5-க்கு மேல் போகக் கூடாது.
பல வருஷம் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை படியும். அளவு கூடக்கூட எலும்பையும் மூட்டையும் பாதிக்கும்.
கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது.
சோதித்த நாள், அடுத்த சோதனை நாள், விவரம் கேட்க வேண்டியவர்.

'உட்கொள்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற நடை இதில் எங்கும் இல்லை. யார் கேட்டுக்கொள்கிறார்கள், எதைத் தவிர்ப்பது என்று யோசிப்பதற்குள் குடம் நிறைந்துவிடும். மாற்றுக் குழாயின் இடத்தையும் நேரத்தையும் எழுத முடியாவிட்டால் அறிவிப்பை இன்னும் ஒட்டாதீர்கள். முதலில் ஊராட்சித் தலைவரிடம் பேசி அதை ஏற்பாடு செய்ய வேண்டும். வேறு குழாய் காட்டாமல் 'குடிக்காதே' என்றால், ஜனங்கள் தாளைப் படித்துவிட்டு அதே பம்பை அடிப்பார்கள், வேறென்ன செய்வார்கள்?

பம்பில் வண்ணம் பூசலாமா என்று யாராவது கேட்பார்கள். வங்கதேசத்தில் ஆர்சனிக் உள்ள குழாய்க் கிணறுகளுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் அடித்தார்கள். நம்மூரில் எந்த வண்ணம் அடித்தாலும் அது ஒரு கட்சியின் வண்ணமாகிவிடும். குடத்தின் மேல் பெருக்கல் குறி போட்ட படம் பாதுகாப்பு.

ஏழாம் படி: ஒட்டுவதற்கு முன் இருவரிடம் காட்டுங்கள்

ஒருவர் பத்தாவது வரை படித்தவர், இன்னொருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர். 'புரிகிறதா' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு 'ஆமாம்' என்பார்கள். 'இப்ப நீங்க எங்கே போய்த் தண்ணி பிடிப்பீங்க, அக்கா?' என்று கேளுங்கள். பதில் மாரியம்மன் கோயில் குழாய் என்று வராவிட்டால் தவறு உங்கள் தாளில். இதே ஏழெட்டு வரியை 40 விநாடிக் குரல்பதிவாக்கி ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போடலாம். அதில் தசம எண்ணை வாசிக்காதீர்கள், காதில் நிற்காது.

இங்க்ஜெட் மை வெயிலில் வெளுத்துவிடும். லேசரில் அச்சடித்து லேமினேட் செய்து, பம்பு அடிப்பவர் கண்மட்டத்தில் ஒட்டுங்கள்.

தமிழ்நாட்டில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அங்கே இதை வாசிக்கப் போகிறீர்கள் என்றால் முழு அறிக்கையின் நகலையும் கையில் வைத்திருங்கள். 'மாட்டுக்கு வைக்கலாமா?' என்ற கேள்வி நிச்சயம் வரும். முந்தைய நாளே கால்நடை மருத்துவரிடம் அந்த 1.8-ஐச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போங்கள்.

வேதியியல் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, நுண்ணுயிர்ச் சோதனை மழைக்கு முன்னும் பின்னும் என இரண்டு முறை. புது அறிக்கை வந்த அன்றே பழைய தாளைக் கிழித்துவிடுங்கள். இரண்டு தேதி போட்ட இரண்டு தாள்கள் ஒரே பம்பில் தொங்கினால், குடிக்கலாம் என்று சொல்லும் தாளைத்தான் நம்புவார்கள்.