பேதி நின்ற பிறகு என்ன செய்வது? குழந்தையின் வயிறு, சாப்பாடு, வளர்ச்சி

குழந்தைக்கு வயிறு போனால் வீடே அல்லோலகல்லோலப்படும். பாட்டி பல் முளைக்கிறது என்பார், பக்கத்து வீட்டு அக்கா தொக்கம் எடுக்கக் கூட்டிப்போகச் சொல்வார், மெடிக்கல் ஷாப்காரர் ஏதோ ஒரு சிரப்பை எடுத்து நீட்டுவார். நாலாம் நாள் பேதி நின்றதும் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். ஆனால் நோயில் இறங்கிய எடை திரும்ப ஏறுமா, உயரம் தடையில்லாமல் போகுமா என்பதெல்லாம் முடிவாவது அதற்குப் பிந்தைய வாரங்களில்தான். அதனால் முதலுதவியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அந்த வாரங்களுக்கு வருகிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்து எழுதியது இது. அதைவிடச் சின்னக் குழந்தைக்கு வயிறு போனால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், தாய்ப்பாலை நிறுத்தாமல் நேராக டாக்டரிடம் போங்கள்.

முதலில் ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோன நேரத்தில், டாக்டர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் வீட்டாரையே கொடுக்கச் சொன்னார். முப்பது சதவீதம் அளவில் இருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. பேதியிலும் குடல் சுவர் குளுக்கோஸையும் உப்பையும் ஜோடியாக உள்ளே இழுக்கும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும், அவ்வளவுதான் சூட்சுமம். இந்த ஜோடிக்கு அளவு முக்கியம். சர்க்கரை கூடினால் குடலே தண்ணீரை வெளியே விடும், பேதி அதிகமாகும். பழச்சாறு, குளிர்பானம், குளுக்கோஸ் பவுடர் எதுவும் ஓ.ஆர்.எஸ். ஆகாது என்பது இதனால்தான். இந்தியாவில் பல காலம் இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு மருந்துக்கடையிலேயே விற்றன, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று இருக்கிறதா பாருங்கள்: ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9.

பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. முழு பாக்கெட்டையும் சொன்ன அளவு தண்ணீரில் ஒரேயடியாகக் கரையுங்கள், பாதிப் பாதியாகக் கொட்டினால் கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு முறை போனதும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி ஆரம்பியுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

அப்புறம் ஜிங்க். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2004-லேயே சொல்லியும் இன்னும் பாதி வீடுகளில் பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் முழுக்க. இந்தப் பேதியைச் சுருக்குவது ஒரு பக்கம், அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவதையும் அது குறைக்கிறது. பேதியை நிறுத்தும் லோபரமைடு மாதிரி மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. ஆன்டிபயாடிக்கும் நாமாகக் கொடுப்பதில்லை, மலத்தில் ரத்தம், காலரா சந்தேகம் போன்ற சில நிலைகளில் டாக்டர்தான் எழுத வேண்டும்.

கண் உள்ளே போய், குழந்தை துவண்டு கிடந்தால், குடிக்கவே முடியாவிட்டால், ஆறு மணி நேரமாக சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால், உடனே ஆஸ்பத்திரி. பதினாலு நாளைத் தாண்டி இழுத்தாலும் அது சாதாரணப் பேதி இல்லை.

சரி, இனி சாப்பாடு. வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்று பட்டினி போடுவதும், ஒரு வாரம் வெறும் கஞ்சித் தண்ணீரிலேயே ஓட்டுவதும்தான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. பேதி நடக்கும்போதே தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் தொடர வேண்டும். நின்ற பிறகு, குறைந்தது இரண்டு வாரத்துக்கு, தினமும் ஒரு வேளை கூடுதலாக. பசி திரும்பி வரும் நாட்கள் இவை, இதை விட்டால் அடுத்த சளியோ காய்ச்சலோ வந்து நிற்கும், இழந்ததை ஈடுகட்ட நேரமே இருக்காது.

ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். குழந்தையின் வயிறு சின்னது, அதிலேயே நிறைந்துவிடும். கெட்டியாகக் கொடுத்தால் விழுங்காது. இதற்கு நல்ல வழி முளைகட்டிய மாவு. கேழ்வரகையோ கம்பையோ முளைகட்டி, காயவைத்து, வறுக்காமல் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி இறக்கி, சற்று சூடு தணிந்ததும் இந்த மாவில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால், தண்ணீர் சேர்க்காமலே இளகிவிடும். முளைத்த தானியத்தில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைப்பதால் நடப்பது இது (முன்பே நன்றாக வறுத்துவிட்டால் அமைலேஸ் செத்துவிடும், வேலை செய்யாது). இளகியதும் இன்னொரு கொதி விட்டு ஆறவைத்துக் கொடுங்கள், மாவில் கிருமி இருந்தாலும் போய்விடும்.

மேலே ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் ஏறக்குறைய 40 கலோரி சும்மா கூடும். பருப்பு, நெத்திலி, வேர்க்கடலைப் பொடி, முட்டை, எது வீட்டில் கிடைக்குமோ அது. முட்டை பற்றி ஒரு வார்த்தை. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு முட்டை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், உயரம் நன்றாகவே கூடியது, 2017-ல் அந்த முடிவு வந்ததும் உலகமே கொண்டாடியது. அதே சோதனையை மலாவியில் செய்தபோது உயரத்தில் வித்தியாசமே இல்லை. அங்கே குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது ஒரு விளக்கம். முட்டை கொடுங்கள், நல்லது, ஆனால் அது ஒன்றே உயரத்தைக் கொண்டுவந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

இவ்வளவும் செய்து பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையில் தூக்கிப் பார்த்து, 'இளைச்சுட்டானே' என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. மாதம் ஒருமுறை, அதே தராசில், உடுப்பில்லாமல் எடை. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்துத்தான் நீளம் எடுக்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் முட்டியை நீட்டிவைக்க, தனியாக எடுத்தால் ஒரு சென்டிமீட்டர் எங்காவது போய்விடும். அதற்கு மேல் சுவரோடு நிற்கவைத்து. படுத்த நீளத்துக்கும் நின்ற உயரத்துக்கும் 0.7 செ.மீ. வித்தியாசம் வரும், இரண்டு வயதில் முறை மாறும்போது குழந்தை குறுகிவிட்டதாகப் பதற வேண்டாம்.

எடுத்ததைத் தாய் சேய் நல அட்டையில் உள்ள வரைபடத்தில் குறியுங்கள், அங்கன்வாடியிலும் குறித்துத் தருவார்கள். அந்தக் கோடுகள் 2006-ல் வந்தவை, டெல்லிக் குழந்தைகள் உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் அளந்து போட்டவை, அதனால் 'நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது' என்ற பேச்சு செல்லாது. புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, புள்ளிகளைச் சேர்த்தால் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அதற்கு இணையாக ஏறிக்கொண்டே போகும் குழந்தை பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. மேலே இருந்து இரண்டு மாதமாகப் படுத்துவிட்ட கோடுதான் கவலை. தோராயமாக, ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை மாதம் 250 முதல் 300 கிராம், இரண்டாம் வருடத்தில் 200 கிராமும் ஒரு செ.மீ. உயரமும் கூட வேண்டும். எடைதான் முதலில் நிற்கும், உயரம் மெதுவாகத்தான் பின்தங்கும். மேல்கை சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் காத்திருக்காதீர்கள், 11.5-க்குக் கீழே என்றால் அது கடுமையான ஊட்டக்குறைவு.

எல்லாம் செய்தும் கோடு ஏறாத வீடுகள் உண்டு, அங்கே அம்மாவைத்தான் குறை சொல்வார்கள். அவர்களுக்காக இது: வேலூர் உட்பட எட்டு இடங்களில் பிறந்ததிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த மால்-எட் ஆய்வில், பேதியே இல்லாத நாட்களில் எடுத்த மலத்திலும் ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், ஜியார்டியா போன்ற குடல் கிருமிகள் இருந்தன, அவை அதிகம் இருந்த குழந்தைகள் இரண்டு வயதில் உயரம் குறைவாக இருந்தார்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே குடல் உள்ளே வீங்கி, உறிஞ்சும் திறன் குறைந்து கிடக்கும். சரி, சுத்தமாக இருந்தால் போதுமா என்று வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வேயில் கழிப்பறை, கைகழுவுதல், குடிநீர் சுத்திகரிப்பு என்று கொடுத்துப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2018, 2019-ல் முடிவு வந்தது: உயரம் கூடவில்லை, சத்துணவு சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூடியது. கைகழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஊரே அசுத்தமாக இருக்கும்போது ஒரு வீட்டு சோப்பு எவ்வளவு தடுத்துவிடும்?

தடுப்பூசியை மட்டும் விடாதீர்கள். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14-வது வாரங்களில் அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். இந்தியாவில் உருவான ரோட்டாவேக்கைச் சோதித்த மூன்று ஊர்களில் வேலூரும் ஒன்று, கடுமையான ரோட்டா பேதியை முதல் வருடத்தில் பாதிக்கு மேல் குறைத்தது.

கடைசியாக, பதறவே வேண்டாத ஒரு பேதியும் உண்டு. ஒன்றிலிருந்து நாலு வயது, தினம் மூன்று நாலு தடவை இளக்கமாக, கேரட்டும் பட்டாணியும் அப்படியே வெளியே வரும், ஆனால் குழந்தை ஓடியாடி விளையாடும், கோடும் ஏறிக்கொண்டே இருக்கும். ஜூஸை நிறுத்தி, சாப்பாட்டில் கொஞ்சம் எண்ணெய் கூட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். இதற்குப் போய் இணையத்தைப் பார்த்துக் கோதுமையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் வட இந்தியாவில் நூறில் ஒருவர் அளவுக்கு இருந்தாலும் தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவர்தான். சந்தேகம் இருந்தால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

கோடு படுத்து, கூடவே ரத்தசோகையோ, தூக்கத்தில் எழுந்து மலம் போவதோ, அடிக்கடி வயிற்றுவலியோ இருந்தால் குழந்தைகள் குடல் நோய் நிபுணரைப் பாருங்கள். போகும்போது அட்டை, மூன்று நாளில் சாப்பிட்டதையெல்லாம் எழுதிய தாள் (பிஸ்கட், டீ உட்பட), போனில் மலத்தின் போட்டோ இரண்டு எடுத்துப்போங்கள்.