சீயமும் கந்தரப்பமும் ஊருக்குப் போகிற கதை

படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம், பொங்கல் என்று வருடத்துக்கு நான்கு முறையாவது திருச்சியிலிருந்து எங்கள் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்குப் போகிறோம். 85 கிலோமீட்டர் சொச்சம். காரில் இரண்டு மணி நேரம். ஆனால் சீயமும் கந்தரப்பமும் கூட வருகிற பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடும். இரண்டும் பூனைகள். பெயரைக் கேட்டுப் பலகாரம் என்று நினைத்து எங்கள் அயித்தை ஒருமுறை மூடியைத் திறந்துவிட்டார்.

முதல் தடவை எனக்கு ஒன்றும் தெரியாது. கிளம்புகிற நேரத்தில் சீயத்தைப் பிடித்து, மூடி போட்ட ஓலைக் கொட்டானில் வைத்துக் கயிறு கட்டினேன். கீரனூர் வருவதற்குள் ஓலையைப் பிய்த்துக்கொண்டு வந்து பிரேக்குக்கு அடியில் சுருண்டுகொண்டது. ஓட்டியது நான். அதிலிருந்து பூனையை மடியில் வைத்துக்கொள்கிற பேச்சே கிடையாது. கெட்டியான பிளாஸ்டிக் கூண்டு, பூனைக்கு ஒன்று. மேல்பக்கமும் திறக்கிறதாகப் பார்த்து வாங்குங்கள். முன்பக்கமாகத் தள்ளினால் நாலு காலையும் விரித்து ஊன்றிக்கொள்ளும். மேலேயிருந்து இறக்கினால் ஊன்ற இடம் இருக்காது.

அந்தக் கூண்டைப் பரணில் போட்டு வைக்காதீர்கள். பரணிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டதுமே பூனை கட்டிலுக்கடியில் போய்விடும். ஒரு வாரம் முன்பே கூடத்தில் திறந்து வையுங்கள். உள்ளே நான் கட்டிக் கழற்றிய, துவைக்காத நூல்சேலைத் துண்டு ஒன்றை விரிப்பேன். ராத்திரிச் சாப்பாடு அதற்குள்தான். கார் ஓடுவதைவிட, தனக்குப் பழகிய வாசனை இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டதுதான் பூனைக்குப் பெரிய பயம். நடுவில் ஒருநாள் தெருவை மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து மீன் கொடுப்பேன். கந்தரப்பம் இப்போது தானாகவே ஏறிப் படுத்துக்கொள்கிறது. சீயம் இன்னும் யோசிக்கிறது.

கிளம்ப நான்கு மணி நேரம் இருக்கும்போதே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் வாந்திதான். எச்சில் ஒழுகினாலும் குமட்டல் என்றுதான் அர்த்தம். ரொம்பப் பதறுகிற பூனைக்குக் கால்நடை மருத்துவர் எடை பார்த்து காபாபென்டின் என்ற, பதற்றத்தைத் தணிக்கும் மருந்தை எழுதித் தருவார். பயணத்தன்று முதல் தடவையாகக் கொடுக்காமல் வீட்டில் ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். நம் மாத்திரை டப்பாவில் கை வைக்கவே வேண்டாம். ஒரே ஒரு பாராசிட்டமால் பூனையின் உயிரை எடுத்துவிடும்.

கூண்டுகளை முன்சீட்டுக்குப் பின்னால், தரையில் அசையாமல் வைத்து, காற்றுப் போக இடம் விட்டு மேலே துண்டு போர்த்துவோம். ஏசி ஓடட்டும், பாட்டு வேண்டாம். சீயம் புதுக்கோட்டை வரை கத்தும். திருமயம் கோட்டை கண்ணில் படும்போது இன்னொரு ஆலாபனை. அதற்கு இரக்கப்பட்டு என் வீட்டுக்காரர் கூண்டைத் திறக்கப் போவார், கையைத் தட்டிவிடுவேன். கத்தினால் கத்தட்டும். வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சிரைத்தால் மட்டும் சும்மா இருக்கக் கூடாது. ஓரம் கட்டி, குளிர்ச்சியைக் கூட்டுங்கள். அடங்காவிட்டால் நேரே மருத்துவரிடம்.

டீ குடிக்க ஒருவர் ஒருவராகத்தான் இறங்குவோம். வெளியே 32 டிகிரி என்றால், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40-ஐத் தாண்டிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயில் 32-இல் நிற்பதும் இல்லை.

வந்து சேர்ந்ததும்தான் செட்டிநாட்டு வீட்டின் சங்கடம். முகப்பில் நுழைந்தால் அடுத்த தெருவில் முடிகிற வீடு. நடுவே வளவு, அதாவது வானம் பார்த்த முற்றம். தூணைப் பிடித்து ஓட்டில் ஏறிவிட்டால் பக்கத்து வீட்டு ஓடும் அதனுடையதுதான். அதனால் முதல் இரண்டு நாள் ஒரே உள்ளறை. வெளிக்குப் போக மண் போட்ட தட்டு, தண்ணீர், அந்தச் சேலைத் துண்டு, கதவு திறந்த கூண்டு எல்லாம் அங்கேயே. திரும்புவதற்கு முந்தின ராத்திரியே மறுபடி அதே அறையில் அடைத்துவிடுவேன். ஒருமுறை மறந்துபோய், பின்கட்டு விறகுக்கட்டைகளுக்கு நடுவே சீயத்தைத் தேடி மதியம் இரண்டு மணிக்குத்தான் கிளம்பினோம்.